பழைய கணினிக்கு ராம் வாங்கும் முன்: ப்ராசஸர் பஸ் வேகத்தோடு பொருத்திப் பார்க்கும் முறை

வேலூர், குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்க் கணினி உதிரிப் பாகங்கள் வாங்கி வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுமார் 130 கிலோமீட்டர் போய் வாங்கிய ராம் கணினியில் வேலை செய்யவில்லை என்றால் மாற்றிக்கொள்வது எளிதல்ல. ஆகையால் எந்த வகை, எந்த வேகம், எத்தனை துண்டுகள் என்பதைப் புறப்படும் முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். ப்ராசஸரின் பெயர், மதர்போர்டின் மாடல், அதன் சிப்செட் (ப்ராசஸரையும் ராமையும் மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்புகள்), ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இப்போது இருக்கும் ராமின் விவரம் ஆகிய நான்கையும் அது காட்டிவிடும். கணினி இயங்காத நிலையில் இருந்தால் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மதர்போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் கோர் 2 டுவோ காலத்துக் கணினிகளில்தான் பஸ் வேகம் பற்றிய குழப்பம் அதிகம். அவற்றில் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே நார்த் பிரிட்ஜ் என்ற சிப் இருக்கிறது. ப்ராசஸரிலிருந்து அந்தச் சிப் வரை செல்லும் பாதையே ஃப்ரண்ட் சைடு பஸ். இ7400 என்ற ப்ராசஸரை எடுத்துக்கொள்வோம். அதன் பஸ் வேகம் 1066 என்று குறிக்கப்பட்டிருந்தாலும், உண்மையான கடிகார வேகம் 266 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு துடிப்புக்கு நான்கு முறை தரவு கடப்பதால் அது 1066 ஆகிறது. ஒவ்வொரு முறையும் 8 பைட் கடக்கிறது என்பதால், அந்தப் பாதையில் விநாடிக்குச் சுமார் 8.5 ஜிபி தரவு போக முடியும்.

இனி ராமின் கணக்கைப் பார்ப்போம். டிடிஆர்2 என்ற தலைமுறையைச் சேர்ந்த 800 ராம் ஒரே துண்டாக இருந்தால் விநாடிக்கு 6.4 ஜிபி தருகிறது. அதாவது பஸ்ஸின் முழுத் திறனுக்கும் அது ஈடுகொடுக்கவில்லை. குறைந்த வேகமுள்ள 667 ராமையே இரண்டு துண்டுகளாக டூயல் சேனலில், அதாவது இரண்டு தனிப் பாதைகளில் ஒரே நேரத்தில் தரவு போகும்படி, போட்டால் 10.6 ஜிபி கிடைத்து, பஸ்ஸின் திறனைத் தாண்டிவிடுகிறது. பஸ் 1066 என்பதால் ராமும் 1066 ஆக இருக்க வேண்டும் என்று எண்ணி அதிக விலை கொடுப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் போதும். என்னைக் கேட்டால், 2 ஜிபி ஒரு துண்டை விட 1 ஜிபி இரண்டு துண்டுகளே இத்தகைய கணினிக்கு வேகம் தரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத, ஜி31 சிப்செட் உள்ள போர்டுகளில் 800 ராமுக்கு ஒரு கூடுதல் பயன் உண்டு: அவற்றின் கிராஃபிக்ஸ் நார்த் பிரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால், பஸ்ஸைக் கடக்காமலே மிச்சமுள்ள வேகத்தை அது எடுத்துக்கொள்ளும்.

இ7400 ப்ராசஸரோடு 800 ராம் போட்டபின் சிபியூ-இசட்டின் மெமரி பக்கத்தில் 400 மெகாஹெர்ட்ஸ் என்றும், விகிதம் 2:3 என்றும் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். டிடிஆர் ராம் ஒரு துடிப்புக்கு இருமுறை தரவு தருவதால் 400 என்பதுதான் 800. 266-க்கு 400 என்பதுதான் 2:3. ஏற்கெனவே உள்ள 667 ராமோடு 800 ராமைச் சேர்த்தால் இரண்டும் 667-இலேயே ஓடும்.

சிப்செட்டின் வரம்பையும் பார்க்க வேண்டும். ஜி31 மொத்தம் 4 ஜிபி வரைதான் ஏற்கும். ஜி41 போர்டு 8 ஜிபி ஏற்றாலும், டிடிஆர்3 4 ஜிபி துண்டு வாங்கும்போது இரு பக்கமும் சேர்த்து 16 சிப்புகள் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். 8 சிப்புகள் மட்டுமே உள்ள புதுவகைத் துண்டுகளை அது ஏற்பதில்லை. விற்பவர்கள் பலர் சொல்லாமல் விடும் விவரம் இது.

ஏஎம்டி 2003-லும் இன்டெல் 2008-லும் ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே கொண்டுவரத் தொடங்கியபின் இந்தப் பஸ் படிப்படியாக மறைந்தது. ஆகவே பிற்காலக் கணினிகளில் ப்ராசஸர் ஏற்கும் ராம் வேகத்தை மட்டும் பார்த்தால் போதும். ஐ5-2400 என்றால் டிடிஆர்3 1333, ஐ5-3470 என்றால் 1600, ஐ3-8100 என்றால் டிடிஆர்4 2400. அதைவிட வேகமான ராமைப் போட்டால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. ப்ராசஸரின் வரம்புக்கு இறங்கி ஓடும். டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகியவற்றின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றுக்குரிய ஸ்லாட்டில் மற்றொன்று பொருந்தாது. அழுத்திப் பார்க்கவும் கூடாது.

பொருத்தும்போது மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டபின் ராமைக் கையில் எடுங்கள். நம் ஊர்த் தூசிக்கு ஸ்லாட்டைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்வது அவசியம். பழைய ராமின் பொன்னிறக் கம்பிகள் மங்கியிருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுச் செருகுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் எந்த இரண்டு ஸ்லாட்டுகள் டூயல் சேனலுக்குரியவை என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். ஒரே சேனலில் இரண்டையும் போட்டால் மேலே சொன்ன கணக்கு முழுவதும் வீணாகும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் ராம் வேகத்தை ஆட்டோவில் விட்டு, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் துண்டுகளைத் தனித்தனியாகப் போட்டுச் சோதித்து, பழுதானதை பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள்.