அமெரிக்காவில் எம்பிஏ: பாடம் பதியும் முன் படிக்க வேண்டிய இரண்டு விதிப்புத்தகங்கள்

முதல் செமஸ்டர், அக்டோபர் முதல் வாரம். புள்ளியியல் இடைத்தேர்வில் நூற்றுக்கு 41 வாங்கியிருந்தேன். பல்கலைக்கழக இணையதளத்தில் அந்தப் பாடத்துக்குப் பக்கத்திலேயே 'ட்ராப்' என்று ஒரு பொத்தான். கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அழுத்தினேன், பாடம் மறைந்தது, அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் காலை வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்: இன்றே வந்து பார்க்கவும்.

நடந்தது இதுதான். மூன்று பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் 3 கிரெடிட் (பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு), ஆக 9. ஒன்றை விட்டதும் 6. பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தே ஆக வேண்டும், எங்கள் பல்கலைக்கழகத்தில் முதுநிலைக்கு முழுநேரம் என்றால் 9. அக்டோபர் நடுவில் தொடங்கும் அரைப்பருவப் பாடம் ஒன்றில் இடம் இருந்ததால் தப்பித்தேன். அந்த அலுவலர் கோபப்படவே இல்லை. "அழுத்தும் முன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

எம்பிஏ, பிசினஸ் அனலிட்டிக்ஸ், ஃபைனான்ஸ் என்று வணிகத்தில் முதுநிலைப் படிப்புக்கு முதல்முறையாக அமெரிக்கா கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அங்கே உங்கள் தலைக்கு மேல் இரண்டு விதிப்புத்தகங்கள் இருக்கும். ஒன்று பல்கலைக்கழகத்துடையது, மற்றது குடிவரவுத் துறையுடையது. முதலாவது 'செய்யலாம்' என்று சொல்வதை இரண்டாவது 'கூடாது' என்று சொல்லக்கூடும். கணினித் திரை உங்களுக்குக் காட்டுவது முதலாவதை மட்டும்தான்.

படி 1: உங்கள் ஆண்டின் கேட்டலாக்கைச் சேமித்து வையுங்கள்

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் 'கேட்டலாக்' என்ற விதித்தொகுப்பை வெளியிடும். நீங்கள் சேரும் ஆண்டின் கேட்டலாக்தான் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும். அடுத்த ஆண்டு ஒரு கட்டாயப் பாடத்தைக் கூட்டினால் அது உங்கள் ஜூனியர்களின் தலைவலி. பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் படிக்க வேண்டாம். பட்டத்துக்கு எத்தனை கிரெடிட், குறைந்தபட்ச ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) எவ்வளவு, எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும், வேறு கல்லூரியிலிருந்து எத்தனை கிரெடிட் கொண்டுவரலாம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும். பிசினஸ் ஸ்கூலுக்குத் தனிக் கையேடு இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழகப் பொதுவிதியைவிட அது கறாராக இருப்பது சகஜம்.

படி 2: ஐ-20 படிவத்தை வரி வரியாகப் படியுங்கள்

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம் இது. விசா நேர்காணலுக்குக் கொண்டுபோனதோடு இதைக் கோப்பில் போட்டு மறந்துவிடுகிறோம். முதல் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, படிப்பு தொடங்கும் தேதியும் முடியும் தேதியும். தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்பிலிருந்துதான் நாட்டுக்குள் நுழையலாம், அதற்கு முன் விடமாட்டார்கள். மலிவான டிக்கெட் கிடைத்ததே என்று ஜூன் மாதமே கிளம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு இலக்க எண். சிஐபி குறியீடு என்பார்கள். படித்து முடித்தபின் வேலை பார்க்கும் ஓபிடி அனுமதி எல்லோருக்கும் 12 மாதம். குறியீடு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் அதற்குமேல் இன்னும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். மேனேஜ்மென்ட் சயின்ஸுக்கான 52.1301 அந்தப் பட்டியலில் இருக்கிறது, பொது நிர்வாகத்துக்கான 52.0201 இல்லை. இரண்டின் பட்டத்திலும் 'எம்பிஏ' என்றே அச்சிட்டிருக்கலாம். கட்டணம் கட்டும் முன்பே பார்க்க வேண்டிய எண் இது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு.

படி 3: ஹோல்டுகளை நீக்குங்கள்

பதிவு தொடங்கும் நாளில் பாடத்தைத் தேர்ந்தெடுத்தால் 'ஹோல்ட்' என்று சிவப்பு எழுத்தில் வரும். உங்கள் கணக்கைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊர் மாணவர்களுக்கு வழக்கமாக விழும் பூட்டுகள் மூன்று.

தடுப்பூசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை போட்டதற்குச் சான்று கேட்பார்கள். காசநோய்ப் பரிசோதனையும் இருக்கும். சின்ன வயது ஊசி அட்டை கிடைக்காவிட்டால் ஊரிலேயே மறுபடி போட்டுக்கொண்டு மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு தவணைக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும், அதனால் கிளம்புகிற வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

சான்றிதழ். இறுதி மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றும் பல்கலைக்கழகத்திலிருந்தே முத்திரையிட்ட உறையில் வர வேண்டும் என்பார்கள். நம் பல்கலைக்கழகங்களில் பட்டமளிப்பு விழா முடியாமல் பட்டம் கைக்கு வராது. தற்காலிகச் சான்றை ஏற்பார்களா என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். பல இடங்களில் முதல் செமஸ்டரை விட்டுவிட்டு இரண்டாவது செமஸ்டர் பதிவின்போதுதான் இந்தப் பூட்டைப் போடுவார்கள். அப்போது அம்மாவோ அப்பாவோ சேப்பாக்கத்திலோ பல்கலை நகரிலோ வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது கட்டண பாக்கி. மருத்துவக் காப்பீட்டுத் தொகையும் அதிலேயே சேர்ந்து வருவதைக் கவனியுங்கள்.

இதோடு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் நேரிலோ இணையத்திலோ வருகைப் பதிவும் செய்ய வேண்டும். பாடம் பதிந்ததும் இது தானாக நடந்துவிடும் என்று நினைக்காதீர்கள். படிப்பு தொடங்கிய 30 நாளுக்குள் பல்கலைக்கழகம் உங்களை அரசின் செவிஸ் கணினியில் ஏற்ற வேண்டும். வீடு மாறினால் 10 நாளுக்குள் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

படி 4: பாடம் பதியுங்கள்

பதியும் முறை பள்ளிக்குப் பள்ளி வேறு. ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் முதலாண்டு எல்லோருக்கும் ஒரே பாடங்கள், தேர்வு செய்யும் வேலையே இல்லை. சிகாகோ பூத்தில் உங்களுக்குத் தரும் புள்ளிகளை வைத்து ஏலம் கேட்டுத்தான் இடம் பிடிக்க வேண்டும். பெரும்பாலான மாநிலப் பல்கலைக்கழகங்களில் முந்துகிறவருக்கு இடம். பதிவு திறக்கும் நேரம் அமெரிக்க நேரப்படி இருக்கும், அதனால் ஊரிலிருந்து பதிகிறவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடங்களைக் கூடையில் போட்டபின் மூன்றைச் சரிபாருங்கள். மொத்த கிரெடிட் முழுநேர அளவைத் தொடுகிறதா? முதுநிலைக்கு அந்த அளவைப் பல்கலைக்கழகமே நிர்ணயிக்கிறது. 9 என்பது பரவலான எண்ணே தவிர எல்லா இடத்துக்கும் பொருந்துவது அல்ல. அடுத்து, எத்தனை பாடம் ஆன்லைன்? முழுக்க ஆன்லைனில் நடக்கும் பாடத்தில் ஒன்று, அதிகபட்சம் 3 கிரெடிட், அவ்வளவுதான் முழுநேரக் கணக்கில் சேரும். 9 கிரெடிட்டில் 6 ஆன்லைன் என்றால், திரையில் 9 என்று காட்டினாலும் விசா கணக்கில் நீங்கள் 6தான். மூன்றாவது, எந்தப் பாடம் அரைப்பருவம்? எம்பிஏ படிப்புகளில் ஏழெட்டு வாரப் பாடங்கள் நிறைய உண்டு. அவற்றுக்குச் சேரும் தேதி, விலகும் தேதி எல்லாமே தனி.

பி.காம் அல்லது சிஏ படித்துவிட்டு வருகிறவர்கள் அடிப்படைக் கணக்கியல் பாடத்துக்கு விலக்கு கேட்கலாம். கேளுங்கள், ஆனால் விலக்கு வாங்கினால் அந்த கிரெடிட் குறைகிறதா, அல்லது அதற்குப் பதில் வேறு பாடம் எடுக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். குறைந்தால் கட்டணம் மிச்சம். ஆனால் படிப்பு சீக்கிரம் முடியும், ஐ-20 முடியும் தேதி முன்னால் வரும், வேலை தேடும் காலமும் அதோடு நகரும்.

படி 5: சேர்ப்பதும் விடுவதும்

இந்த இடத்தில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரம் 'ஆட்-ட்ராப்' காலம். அப்போது விட்ட பாடம் சுவடில்லாமல் போகும், பணமும் பெரும்பாலும் திரும்பும். அதற்குப் பிறகு விட்டால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (விலகியதற்கான குறி) விழும். ஜிபிஏவில் சேராது, பணம் வராது. அந்தத் தேதியும் தாண்டினால் கிடைக்கிற கிரேடை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சொல்லாமல் கொள்ளாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தினால் பெயர் தானாக நீங்காது, 'எஃப்' தான் வரும்.

இதெல்லாம் முதல் புத்தகம். இரண்டாம் புத்தகத்தில் முழுநேர அளவுக்குக் கீழே இறங்குவதற்குச் சில காரணங்களே உண்டு. மருத்துவக் காரணம், மருத்துவரின் கடிதத்தோடு, மொத்தம் 12 மாதம் வரை. கடைசிப் பருவத்தில் பட்டம் முடிக்கக் கொஞ்ச கிரெடிட்தான் பாக்கி என்ற காரணம். அப்புறம் தொடக்ககாலச் சிரமங்கள்: ஆங்கிலத்திலோ வாசிப்பிலோ தடுமாற்றம், அமெரிக்கக் கற்பித்தல் முறை பழகாதது, தகுதிக்கு மீறிய பாடத்தில் சேர்த்துவிட்டது. இந்தக் கடைசி வகையில் இறங்கினாலும் முழுநேர அளவில் பாதியாவது மிஞ்ச வேண்டும். 'இடைத்தேர்வில் 41' என்று ஒரு காரணம் அந்தப் பட்டியலில் இல்லை.

எந்தக் காரணமானாலும் வரிசை முக்கியம். முதலில் டிஎஸ்ஓவைப் பாருங்கள், வெளிநாட்டு மாணவர்களுக்கான பொறுப்பு அலுவலரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் செவிஸில் அனுமதி ஏற்றி, புது ஐ-20 கொடுத்த பிறகுதான் பொத்தான். விட்டுவிட்டு அனுமதி கேட்டால் இடைப்பட்ட நாட்களில் உங்கள் நிலை கேள்விக்குறி.

படி 6: ஜிபிஏவை நீங்களே கணக்கிடுங்கள்

நம் ஊரில் 50 வாங்கினால் பாஸ். இங்கே தனிப் பாடத்தில் தேறினாலும் சராசரி 3.0 என்ற 'பி'க்குக் கீழே போகக்கூடாது, பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளில் இதுதான் கோடு. ஏ மைனஸுக்கு 3.7, பி ப்ளஸுக்கு 3.3, பிக்கு 3.0, சி ப்ளஸுக்கு 2.3, சிக்கு 2.0 என்பது பரவலான அளவு.

மூன்று பாடம், தலா 3 கிரெடிட். ஒன்றில் ஏ மைனஸ், ஒன்றில் பி, ஒன்றில் சி. 11.1, 9, 6 சேர்த்தால் 26.1. அதை 9ஆல் வகுத்தால் 2.9. ஒரு பாடத்திலும் தோற்கவில்லை, ஆனாலும் 'ப்ரொபேஷன்' என்ற எச்சரிக்கைக் கடிதம் வரும். அடுத்த பருவத்தில் 9 கிரெடிட்டுக்கு 27.9 புள்ளி எடுத்தால் மொத்தம் 54, சராசரி சரியாக 3.0. அதாவது ஒரு பி ப்ளஸும் இரண்டு பியும் போதும். கடிதம் வந்த ராத்திரி உலகமே இடிந்துவிட்டதாகத் தோன்றும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு பயங்கரமாகத் தெரியாது. ஆனால் இரண்டாவது பருவமும் கீழேயே இருந்தால் நீக்கம் வரை போகலாம், நீக்கினால் விசா நிலையும் போகும்.

இன்னொன்று. ஊரிலிருந்து அப்பா கல்லூரிக்குப் போன் போட்டு மார்க் கேட்டால் சொல்லமாட்டார்கள். ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் உங்கள் பதிவேடு உங்களுக்கே சொந்தம். நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பெற்றோருக்குக் காட்டுவார்கள். சிலருக்கு இது ஆறுதலாகவும் இருக்கலாம்.

படி 7: அசைன்மென்ட் விஷயத்தில் ஜாக்கிரதை

ஹாஸ்டலில் ஒரு ரெக்கார்டு நோட்டை நாலு பேர் பார்த்து எழுதிய பழக்கத்தை விமானத்தில் ஏற்றாதீர்கள். தனியாகச் செய்யச் சொன்ன கேஸ் ஆய்வைச் சேர்ந்து செய்தால் குற்றம். போன பருவம் நீங்களே எழுதியதை இந்தப் பருவம் மறுபடி கொடுத்தாலும் பல இடங்களில் குற்றம். ஏஐ கருவிகள் பற்றி ஒவ்வொரு பேராசிரியரும் சிலபஸில் ஒன்று எழுதியிருப்பார். பாடத்துக்குப் பாடம் அது மாறும்.

படி 8: இன்டர்ன்ஷிப்புக்கு முன்

வளாகத்துக்குள் வேலை என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிவரை. வெளியே கோடைக்கால இன்டர்ன்ஷிப் என்றால் சிபிடி, அதாவது படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலைப் பயிற்சி பெறும் அனுமதி, வேண்டும். பொதுவாக ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்த பிறகுதான் அது கிடைக்கும். பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பதால் பல பள்ளிகளில் ஒரு இன்டர்ன்ஷிப் பாடத்தைப் பதிந்து அதற்கும் கட்டணம் கட்டச் சொல்வார்கள். சிபிடி அச்சிட்ட ஐ-20 கைக்கு வரும்முன் ஒரு நாள்கூட வேலைக்குப் போகாதீர்கள், சம்பளம் பின்னால் வாங்கிக்கொள்கிறேன் என்றாலும் கூடாது. முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் படிப்பு நிலைக்கான ஓபிடி போச்சு.

படி 9: முடிக்கும்போது

கிரெடிட் எல்லாம் முடித்தால் பட்டம் தானாக வராது. கடைசிப் பருவத்தின் தொடக்கத்திலேயே பட்டத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் கடைசித் தேதி உண்டு. ஓபிடிக்குப் படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிலிருந்து, முடிந்து 60 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும். டிஎஸ்ஓ பரிந்துரையைச் செவிஸில் ஏற்றிய நாளிலிருந்து 30 நாள் கெடு ஒன்றும் உண்டு. ஓபிடி தொடங்கியபின் வேலையில்லாமல் இருக்கும் நாட்கள் மொத்தம் 90ஐத் தாண்டக்கூடாது. அந்த 90 நாளை எண்ணுகிறவர்கள் சனி ஞாயிறையும் சேர்த்தே எண்ணுவார்கள்.