லினக்ஸில் சத்தம் வரவில்லையா? நீங்கள் போட்ட 'தீர்வை' முதலில் சந்தேகியுங்கள்

ஒலியளவு பூஜ்யத்தில் இருந்தது, ஹெட்ஃபோனை மைக் துளையில் செருகியிருந்தது, ஸ்பீக்கருக்கு மின்சாரமே போகவில்லை என்பதெல்லாம் இங்கே இல்லை. அவற்றை எவரும் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார். லினக்ஸுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முன்னால் வந்தவர் விழுந்த அதே குழியில் சொல்லிவைத்தாற்போல விழுகிறார்கள். அந்தக் குழிகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலானவற்றில் சவுண்ட் கார்டு மேல் குற்றமே இருக்காது. சரிசெய்வதாக நினைத்துச் செய்த ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து கெடுத்துக்கொண்டிருக்கும்.

எங்கே உடைந்தது என்று பார்க்காமல் கை வைப்பது

லினக்ஸில் ஒலி மூன்று அடுக்குகளைக் கடந்து வருகிறது. கீழே கெர்னல் டிரைவர், அதாவது லினக்ஸின் உள்மையத்தில் இருந்து வன்பொருளை இயக்கும் நிரல். அதன்மேல் அல்சா, நிரல்கள் அந்த டிரைவரோடு பேசும் வழி. எல்லாவற்றுக்கும் மேலே பல நிரல்களின் சத்தத்தைக் கலந்து அனுப்பும் ஒலி சர்வர். இப்போது பெரும்பாலும் அது பைப்வயர், அதை வழிநடத்துவது வயர்பிளம்பர். பழைய அமைப்புகளில் பல்ஸ்ஆடியோ.

இவை ஒரே நாளில் வந்தவை அல்ல. 2003 இறுதியில் வெளியான 2.6 கெர்னலோடு அல்சா நிலைத்தது. ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு) தன் 8ஆம் பதிப்பில் பல்ஸ்ஆடியோவை இயல்பாக்கியது 2007இல், ஃபெடோரா 34 பைப்வயருக்கு மாறியது 2021இல். உபுண்டு தன் 22.10 பதிப்பில் மாறியது. மூன்று காலத்துக் குறிப்புகளும் தேடல் முடிவுகளில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. தேதி பார்க்காமல் எடுத்து ஒட்டினால், இன்றைய வண்டிக்கு இருபது ஆண்டுக்கு முந்தைய உதிரிபாகம் மாட்டிய கதைதான்.

ஆகவே கீழிருந்து மேலே போங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்ற விருப்பத்தோடு ஓட்டினால், ஆடியோ சாதனத்தின் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்ற வரி வரும். அந்த வரியே இல்லையென்றால் சிக்கல் கெர்னலில். அடுத்து /ப்ராக்/ஏசவுண்ட்/கார்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள், ஏபிளே -எல் (சிறிய எல்) ஓட்டுங்கள். இரண்டிலும் கார்டு தெரிந்தால் அல்சா வரை நலம். கடைசியாக டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ். அங்கே 'டம்மி அவுட்புட்' மட்டும் இருந்தால் தவறு சர்வரிலோ அதன் அமைப்பிலோ இருக்கிறது. அந்த நிலையில் டிரைவரை மறுபடி நிறுவுவது வீண்வேலை. மறுபக்கம், கார்ட்ஸ் கோப்பே சவுண்ட் கார்டு எதுவும் இல்லை என்று சொல்லும்போது ஒலியளவுப் பலகையில் எந்தப் பட்டையை நகர்த்தியும் பயனில்லை.

கார்டே தெரியாத புது மடிக்கணினிகளில் டிமெசேஜ் காட்டும் கெர்னல் பதிவைப் பார்த்தால், சாஃப் என்ற பெயரில் தொடங்கும் ஃபர்ம்வேர் (ஒலிச் சில்லுக்குள் ஓடும் மென்பொருள்) கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை -2 என்று வரக்கூடும். -2 என்றால் கோப்பு இல்லை என்று பொருள், அவ்வளவுதான். டெபியனில் ஃபர்ம்வேர்-சாஃப்-சைன்டு, ஃபெடோராவில் அல்சா-சாஃப்-ஃபர்ம்வேர், ஆர்ச்சில் சாஃப்-ஃபர்ம்வேர் என்ற பொதியை நிறுவி, கணினியை முழுதாக அணைத்துப் போட்டால் முடிந்தது. இதற்காகக் கெர்னலையே தொகுக்க உட்கார்ந்தவர்கள் உண்டு.

ஏசவுண்ட்ஆர்சி: எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆறு வரி

இந்தத் தவறுக்கு மட்டும் எரிச்சல் இன்னும் தீரவில்லை. நேரம் தின்பதில் இதற்கு இணை இல்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவரின் கணினியில் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகாமல் ஹெச்டிஎம்ஐ வழியே திரைக்குப் போகிறது. ஒலி அமைப்பில் இயல்பு வெளியீட்டை மாற்றினால் தீர்கிற விஷயம். அவரோ தேடுகிறார். ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் ஏசவுண்ட்ஆர்சி என்ற கோப்பை உருவாக்கு, இந்த ஆறு வரியை ஒட்டு என்கிறது ஒரு பழைய குறிப்பு. பிசிஎம், புள்ளி, ஆச்சரியக்குறி, டிஃபால்ட். அடைப்புக்குள் டைப் ஹெச்டபிள்யூ, கார்டு 1. ஒட்டுகிறார், சத்தம் வருகிறது. அன்றைக்கே அந்தக் கோப்பை மறந்தும் விடுகிறார்.

அந்த ஆச்சரியக்குறியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். டிஃபால்ட் பற்றி இதற்குமுன் யார் என்ன சொல்லியிருந்தாலும் தூக்கி எறி, நான் சொல்வதை மட்டும் கேள் என்று அது அல்சாவுக்குச் சொல்கிறது. தூக்கி எறியப்படுவதில் முக்கியமானது, சத்தத்தைப் பைப்வயருக்குத் திருப்பிவிடும் இணைப்பு. இனி அல்சா வழியே பேசும் ஒவ்வொரு நிரலும் சர்வரைத் தாண்டிக் குதித்து நேராக வன்பொருளைப் பிடிக்கும். ஏபிளே -எல் காட்டும் பட்டியலில் பெரும்பாலான கார்டுகளுக்குக் கீழே துணைச் சாதனங்கள் 1/1 என்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். பிரவுசர் சர்வர் வழியே பேசுகிறது, சர்வர் கார்டைப் பிடித்திருக்கிறது. விளையாட்டு நேராகப் போய்க் கதவைத் தட்டுகிறது. 'சாதனம் வேலையாக இருக்கிறது' என்று பிழை 16 வருகிறது. விளையாட்டு முதலில் பிடித்துக்கொண்டால் பிரவுசர் ஊமை. எது முதலில் திறந்தது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறுவதால், 'சில நாள் வருகிறது, சில நாள் வரவில்லை' என்றுதான் புகார் வரும். அதைக் கேட்டு ஹார்டுவேர் கோளாறு என்று முடிவுகட்டிப் புதுக் கார்டு வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேடு ஒலியின் வடிவத்தை மாற்றித் தருவது சம்பந்தமானது. ஹெச்டபிள்யூ வகை எதையும் மாற்றித் தராது. யூஎஸ்பி ஹெட்செட்டுகளில் பல 48,000 ஹெர்ட்ஸை (நொடிக்கு 48,000 சாம்பிள்) மட்டுமே ஏற்கும். 44,100இல் பதிந்த பாட்டைக் கொடுத்தால் சில நிரல்கள் திறக்கவே மறுக்கும். ஏபிளே மாதிரி நிரல் வேகம் பொருந்தவில்லை என்று ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுதிவிட்டு அப்படியே இசைக்கும். பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் விரைவாக ஓடும், சுருதி ஒன்றரை செமிடோன் ஏறிவிடும். பாட்டுக் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி இறக்குவார்கள். ஒற்றைச் சேனல் பதிவை ஸ்டீரியோ மட்டும் ஏற்கும் கார்டுக்குக் கொடுத்தாலும் இதே தகராறு. சோதனைக்கு எப்போதும் ப்ளக்ஹெச்டபிள்யூ என்ற வகையைப் பயன்படுத்தச் சொல்வது இதற்காகத்தான். அது இடையில் நின்று மாற்றிக் கொடுக்கும்.

மூன்றாவது, எண். கார்டு 1 என்பது அந்தக் கார்டின் பெயர் அல்ல, அன்றைக்கு அது வரிசையில் நின்ற இடம். டிரைவர்கள் எழுந்த வரிசைப்படிதான் எண் விழுகிறது. கணினி தொடங்கும்போது ஹெட்செட் செருகியிருந்தாலோ, கிராஃபிக்ஸ் கார்டின் ஹெச்டிஎம்ஐ முந்திக்கொண்டாலோ 1 வேறொருவருக்குப் போய்விடும். கார்ட்ஸ் கோப்பில் சதுர அடைப்புக்குள் பிசிஹெச் போல ஒரு சொல் இருக்கும். அதுதான் பெயர். எதை எழுதினாலும் எண்ணால் அல்லாமல் அந்தப் பெயரால் எழுதுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு இந்தக் கோப்பு ஒளிந்திருக்கிறது என்பதுதான் கொடுமை. புள்ளியில் தொடங்குவதால் கண்ணில் படாது. ஹோம் வட்டின் தனிப் பிரிவில் இருந்தால் டிஸ்ட்ரோவையே மாற்றி நிறுவினாலும் அது பத்திரமாக இருக்கும். 'மூன்று டிஸ்ட்ரோ போட்டுப் பார்த்துவிட்டேன், எதிலும் இந்தக் கார்டு ஒத்துவரவில்லை' என்று யாராவது சொன்னால், கேட்க வேண்டிய முதல் கேள்வி ஹோம் அடைவை அழித்தீர்களா என்பது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி அதில் நுழையுங்கள். அங்கே சத்தம் ஒழுங்காக வந்தால் சிக்கல் உங்கள் ஹோமில். ஏசவுண்ட்ஆர்சி, .கான்ஃபிக் அடைவுக்குள் அல்சா, பல்ஸ், பைப்வயர், வயர்பிளம்பர் என்ற அடைவுகள், .லோக்கல்/ஸ்டேட் அடியில் வயர்பிளம்பர் சேமித்துவைத்த பழைய தேர்வுகள் ஆகியவற்றைப் பாருங்கள். அழிக்க வேண்டாம், பெயரை மாற்றி ஒதுக்கிவையுங்கள். வெளியேறி மறுபடி நுழைந்து சோதியுங்கள். புதுக் கணக்கிலும் வரவில்லை என்றால் /இடிசி/ஏசவுண்ட்.கான்ஃப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது எல்லாக் கணக்கையும் பாதிக்கும். கார்டை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய ஃப்யூசர் -வி கட்டளைக்கு /டெவ்/எஸ்என்டி அடியில் உள்ள எல்லாவற்றையும் கொடுங்கள். பிடித்திருக்கும் நிரலின் பெயரையே சொல்லிவிடும்.

சர்வரே இல்லாமல் அல்சா மட்டும் ஓடும் சிறு கணினிகளில் இந்தக் கோப்புக்கு நியாயமான வேலை இருக்கிறது. அங்கேகூட ஆச்சரியக்குறி வேண்டாம். டிஃபால்ட்ஸ்.பிசிஎம்.கார்ட், டிஃபால்ட்ஸ்.சிடிஎல்.கார்ட் என்ற இரண்டு வரிகளில் கார்டின் பெயரைத் தந்தால் போதும். அல்சாவே செய்யும் கலப்பு கெடாமல் இருக்கும்.

சூடோ போட்டுச் சோதிப்பது

சூடோ போட்டு ரூட்டாக (நிர்வாகியாக) ஓட்டினால் வருகிறது, எனக்கு வரவில்லை, ஆகவே என்னை ஆடியோ குழுவில் சேர்க்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வருவார்கள். சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) ஓடும் டெஸ்க்டாப்பில் திரைமுன் இருப்பவருக்கு உரிமை தானாகவே வருகிறது. குழுவில் சேர்த்தால், திரையில் இல்லாத பயனரின் நிரலும் கார்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம். இன்னொன்றும் நடக்கும். பல்ஸ்ஆடியோவை சூடோவோடு ஓட்டியவர்களின் .கான்ஃபிக்/பல்ஸ் அடைவு சில சமயம் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அதன்பிறகு சாதாரணப் பயனராக சர்வர் எழவே எழாது. உரிமையாளரைச் சௌன் கட்டளையால் திருப்புங்கள்.

மைக்கைக் கொன்று ஸ்பீக்கரைக் காப்பாற்றுவது

இன்டெல் மடிக்கணினியில் சத்தமில்லை என்றதும் எஸ்என்டி-இன்டெல்-டிஎஸ்பிசிஎஃப்ஜி என்ற மாட்யூலுக்கு டிஎஸ்பி டிரைவர் 1 என்று போடச் சொல்வார்கள். பழைய ஹெச்டிஏ டிரைவருக்குத் திரும்பும் வழி அது. ஸ்பீக்கர் எழுந்துவிடலாம். ஆனால் இப்படிப்பட்ட பல கணினிகளில் உள்ளிருக்கும் டிஜிட்டல் மைக்குகள் கோடெக் (ஒலியை மாற்றித்தரும் சில்லு) வழியே வருவதில்லை, நேரே டிஎஸ்பி என்ற ஒலிச் செயலியோடு இணைந்திருக்கும். பழைய டிரைவருக்கு அவை கண்ணிலேயே படாது. ஏரெக்கார்ட் -எல் பட்டியலிலிருந்து மைக் மறைந்துவிடும். ஒரு மாதம் கழித்து முதல் காணொளி அழைப்பில்தான் தெரியவரும், அதற்குள் அந்த வரியைப் போட்டது நினைவில் இருக்காது. முதலில் சாஃப் ஃபர்ம்வேரையும் அல்சா-யூசிஎம்-கான்ஃப் பொதியையும் சரிபாருங்கள்.

எஸ்என்டி-ஹெச்டிஏ-இன்டெல்லுக்கு மாடல் என்ற விருப்பத்தை வேறொருவரின் கணினியிலிருந்து எடுத்துப் போடுவதும் இதே ரகம். கோடெக் எண் ஒன்றாக இருந்தாலும் சில்லின் எந்தக் கால் எந்தத் துளைக்குப் போகிறது என்பது பலகைக்குப் பலகை மாறும்.

இரண்டு சர்வர்களை ஒருசேர ஓடவிடுவது

பேக்டிஎல் இன்ஃபோ ஓட்டுங்கள். சர்வர் பெயர் வரியில் 'பைப்வயர் மேல் பல்ஸ்ஆடியோ' என்று வந்தால் சரி. உங்கள் டிஸ்ட்ரோ பைப்வயருக்கு மாறியிருந்தும் வெறும் பல்ஸ்ஆடியோ என்று வந்தால், பழையது இன்னும் உயிரோடு இருக்கிறது.

அல்சாமிக்சரில் ஒற்றைப் பட்டையை நம்புவது

முனையத்தில் ஓடும் இந்த ஒலியளவு நிரலைத் திறந்தவுடன் தெரிவது பைப்வயரின் முகமூடி. எஃப்6 அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் ஹெட்ஃபோன், ஸ்பீக்கர், ஆட்டோ-மியூட் எல்லாம் வெளியே வரும். பட்டையின் அடியில் எம்எம் இருந்தால் ஊமை, எம் விசையை அழுத்தினால் ஓஓ ஆகும். ஹெட்ஃபோன் செருகியது போலவே ஸ்பீக்கர் அடங்கிக் கிடந்தால் ஆட்டோ-மியூட்டை நிறுத்திப் பாருங்கள். அல்சாசிடிஎல் ஸ்டோர் போட்டுச் சேமிக்கவும்.

முதல் அரை நொடி காணாமல் போகிறது என்று கேபிளை மாற்றுவது

கேபிள் அல்ல. சத்தமில்லாமல் 5 நொடி கடந்தால் வயர்பிளம்பர் கார்டைத் தூங்கவைக்கிறது, எழ நேரமாகிறது. வயர்பிளம்பர் அமைப்பில் தூங்கும் கெடுவை 0 ஆக்குங்கள். அப்போதும் 'டொப்' என்று கேட்டால் ஹெச்டிஏ டிரைவரின் பவர்சேவ் விருப்பத்தையும் 0 ஆக்கலாம். மடிக்கணினியில் பேட்டரி கொஞ்சம் குறையும்.

பஃபரை 64க்குக் குறைப்பது

பஃபர் என்பது கணினி ஒருமுறைக்குத் தயார் செய்யும் ஒலித் துண்டு. 48,000 ஹெர்ட்ஸில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லி நொடி. அதற்குள் கணினி அடுத்த துண்டைத் தயார் செய்யாவிட்டால் வெடிப்புச் சத்தம்தான். பிடபிள்யூ-டாப் ஓட்டி, பிழை நெடுவரிசையில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் 256க்குப் போங்கள், தாமதம் 5.3 மில்லி நொடி, கிதார் வாசிப்பவருக்கும் போதும். படம் மட்டும் பார்ப்பவர் இயல்பாக இருக்கும் 1024ஐ மாற்றவே வேண்டாம்.

மைக் பூஸ்ட் உச்சத்தில்

30 டெசிபல் ஏற்றினால் இரைச்சலும் 30 ஏறும்.

புளூடூத் ஹெட்செட்டை வைத்துச் சவுண்ட் கார்டைச் சோதிப்பது

அந்தச் சத்தம் கார்டைத் தொடுவதே இல்லை.

விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வருவது

சில கோடெக்குகள் விண்டோஸ் விட்டுப்போன நிலையிலேயே நிற்கும். முழுதாக அணைத்து, சில நொடி விட்டுப் போடுங்கள்.

உதவி கேட்கும்போது படம் மட்டும் அனுப்புவது

ஒலியளவுப் பலகையைப் படம்பிடித்து அனுப்பினால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. அல்சா-இன்ஃபோ ஸ்கிரிப்டை நோ-அப்லோட் விருப்பத்தோடு ஓட்டுங்கள், டெம்ப் அடைவில் ஓர் உரைக்கோப்பு கிடைக்கும். கெர்னல் பதிப்பு, கோடெக், ஏற்றிய மாட்யூல்கள், மிக்சர் நிலை எல்லாம் அதில் இருக்கும். அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். என்றோ போட்டு மறந்த மாட்யூல் விருப்பம் பலருக்கு அங்கேயே கண்ணில் பட்டுவிடுகிறது.