ஹியர், லிசன்: இரண்டும் ‘கேள்’ என்றால் எதை எங்கே எழுதுவது?

ஆங்கிலத்தின் ஹியர், லிசன் ஆகிய இரண்டு வினைகளுக்கும் தமிழில் நாம் ‘கேள்’ என்றே பொருள் சொல்லிப் பழகியிருக்கிறோம். பாட்டுக் கேட்பதும், இடிச் சத்தம் கேட்பதும், அம்மா சொன்னதைக் கேட்டு நடப்பதும் நமக்கு ஒரே வினைதான் என்பதால், பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். (கடையில் விலை கேட்பது ஆஸ்க், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை.) உண்மையில் இந்த வேறுபாடு நமக்குப் புதியதன்று. தமிழ் அதை வினையில் காட்டாமல், யாருக்கு அல்லது யார் என்ற இடத்தில் காட்டுகிறது.

‘தாத்தாவுக்குக் காது கேட்காது’ என்கிறோம். ‘தாத்தா யார் சொன்னாலும் கேட்கமாட்டார்’ என்றும் சொல்கிறோம். முதல் வாக்கியத்தில் ‘கு’ உருபு வந்திருக்கிறது: ஒலி வந்து செவியில் விழுவதைப் பற்றிய பேச்சு அது, தாத்தாவின் விருப்பத்துக்கு அங்கே வேலை இல்லை. இரண்டாவதில் கேட்பதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது. முன்னதற்கு ஹியர், பின்னதற்கு லிசன். ஆகவே ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குமுன் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்; ‘எனக்கு’, ‘அவளுக்கு’ என்று வந்தால் பெரும்பாலும் ஹியர் என்றே துணிந்து எழுதலாம்.

‘நான்’ என்று வரும்போதுதான் சற்று நிதானிக்க வேண்டும். ‘நேற்று அந்தப் பாட்டைக் கேட்டேன்’ என்றால், பேருந்தில் போகும்போது தேநீர்க் கடை வானொலியிலிருந்து அது மிதந்து வந்திருக்கலாம். அல்லது இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அதற்காகவே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அப்போது ‘காதில் விழுந்தது’ என்று மாற்றிப் பாருங்கள், பொருந்தினால் ஹியர். ‘காது கொடுத்துக் கேட்டேன்’ என்பது பொருந்தினால் லிசன். ‘காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை’ என்று நாம் ஒரே வினையை இருமுறை சொல்லும் இடத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டும் தேவைப்படும்: ‘ஐ லிசன்ட், பட் ஐ ஹெர்ட் நத்திங்’.

பொருள் பிடிபட்ட பிறகும் இலக்கணத்தில் சறுக்கல் உண்டு. எதைக் கேட்கிறோம் என்று சொல்லும்போது லிசனுக்குப் பின் ‘டு’ கட்டாயம். ‘ஐ லிசன்ட் த சாங்’ என்பது பிழை. ஹியருக்கு அந்த ‘டு’ கூடாது. அதே போல, தொலைபேசியில் நம்மவர்கள் அடிக்கடி சொல்லும் ‘ஐ ஆம் நாட் ஹியரிங் யூ’ என்பதை ‘ஐ கான்ட் ஹியர் யூ’ என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் செவியில் விழுதல் என்ற பொருளில் ஹியர் பொதுவாகத் தொடர்வினையாக (‘இங்’ சேர்ந்த வடிவில்) வராது. லிசன் தாராளமாக வரும். ஆனால் இணைப்பு சரியில்லாதபோது மேலதிகாரியிடம் ‘ஆர் யூ லிசனிங்?’ என்று வினவிவிடாதீர்கள். ‘நான் பேசுவதைக் கவனிக்கிறீர்களா, இல்லையா?’ என்று அதட்டுவதுபோல் அது ஒலிக்கும். ‘கேன் யூ ஹியர் மீ?’ என்பதே மரியாதை.

என்னிடம் படித்த மாணவி ஒருவர், ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வுக்கு விடுப்புக் கேட்டு, மறுநாள் தமக்கு ‘ஹியரிங் டெஸ்ட்’ இருப்பதாக அலுவலகத்துக்கு எழுதிவிட்டார். காதுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் பதறி விசாரித்தார்கள். ஹியரிங் டெஸ்ட் என்பது செவித்திறனைச் சோதிப்பது. காது மூக்கு தொண்டை மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பரிசோதனை. அந்த மாணவி எழுதப்போனது லிசனிங் டெஸ்ட்: ஏறத்தாழ 30 நிமிட ஒலிப்பதிவை ஒரே ஒருமுறை கேட்டு 40 கேள்விகளுக்கு விடை தருவது. அங்கே சோதிக்கப்படுவது காது அன்று, கவனம்.

‘நான் கேள்விப்பட்டேன்’ என்பதில் ‘நான்’ இருந்தாலும் ஹியர்தான் வரும். அந்தப் ‘படு’ என்ற துணைவினையே, செய்தி தானாக நம்மிடம் வந்து சேர்ந்ததைச் சொல்லிவிடுகிறது. கடித முடிவில் பதிலை எதிர்பார்ப்பதாக எழுதும் ‘ஹியரிங் ஃப்ரம் யூ’ என்ற தொடரும் இந்த வகையே. நீதிமன்றம் மட்டும் இந்த வழிக்குள் அடங்காது: நீதிபதி எவ்வளவு கூர்ந்து கவனித்தாலும், வழக்கு விசாரணைக்கு ஆங்கிலத்தில் ஹியரிங் என்றுதான் பெயர். அதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.