நொடிந்த ஆலையைத் தரத்தால் மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நட்டத்தில் ஓடும் ஆலையின் உரிமையாளர் செலவைக் குறைக்க நினைத்தவுடன் கைவைப்பது பெரும்பாலும் மூலப்பொருளில்தான். யாழ்ப்பாணத்தில் மிளகாய்த்தூள் அரைக்கும் ஒரு சிறிய ஆலையை எடுத்துக்கொண்டால், கிலோவுக்குச் சில ரூபாய் மிச்சம் என்று சரியாகக் காயாத செத்தல் மிளகாயை வாங்குவதிலேயே அதன் சரிவு தொடங்கிவிடுகிறது. ஈரச் செத்தலில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணத்திலிருந்து அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். மிளகாய்த்தூளில் இது கிலோவுக்கு மொத்தம் 10 மைக்கிரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அரைத்த பின்னர் எந்த அரிதட்டாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது என்பதைப் பாரிசுக்குப் போன சரக்குத் திரும்பி வந்த பிறகு அறிந்து பயனில்லை.

தரம் என்பது கடைசி மேசையில் இருந்து நல்ல பொதியையும் கெட்ட பொதியையும் பிரிப்பது என்று விளங்கிக்கொள்வது அடுத்த தவறு. முறைப்பாடு கூடினால் அந்த மேசைக்கு இன்னுமோர் ஆளைப் போடுகிறார்கள். ஆனால் அங்கு வந்து சேர்ந்த பழுதான பொதிக்குச் செத்தலும் மின்சாரமும் கூலியும் உறையும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அதைக் கழிப்பதற்கான சம்பளம் அதற்கு மேலதிகம். மூடையை வாசலில் இறக்கும்போதே ஈரப்பதமானியால் பார்த்து, ஈரமானதைத் திருப்பி அனுப்புவது இதைவிட எவ்வளவோ மலிவானது. தரம் உயர்ந்தால் செலவு குறையும் என்று 1950 இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வேர்ட்ஸ் டெமிங் யப்பானியக் கைத்தொழில் முதல்வர்களுக்கு எடுத்துச் சொன்னதன் பொருளும் இதுவே.

தவறென்றே பலர் அறியாத ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 250 கிராம் பொதி நிரப்பும் இயந்திரம் ஒன்றின் அருகே ஒரு நாள் நின்று பார்த்தேன். ஒரு பொதி 253 கிராம் காட்டியது. இயந்திரத்தில் நின்றவர் திருகை இடப்பக்கம் சற்றுத் திருப்பினார். அடுத்தது 246, வலப்பக்கம் திருப்பினார். அவர் அந்த ஆலையிலேயே மிகவும் அக்கறையானவர் என்பதுதான் இதிலுள்ள துயரம். எவரும் தொடாமல் விட்டாலும் எந்த இயந்திரமும் சில கிராம் கூடியும் குறைந்தும்தான் நிரப்பும். அந்த இயல்பான ஆட்டத்தை ஒவ்வொரு முறையும் திருத்தப்போனால் நிறையின் சிதறல் குறைவதற்குப் பதிலாகக் கூடிவிடும். டெமிங் தமது வகுப்புகளில் புனலொன்றின் ஊடாகக் குண்டுகளை விழவிட்டு, ஒவ்வொரு தடவையும் புனலை நகர்த்தித் திருத்தினால் அவை மேலும் சிதறும் என்று காட்டியது இதைத்தான். சிதறல் கூடியதும், நிறை குறைந்து பிடிபடுவோமோ என்று அஞ்சி, இலக்கையே 256 கிராமுக்கு உயர்த்திவிடுகிறார்கள். நாளொன்றுக்கு 1000 பொதி நிரப்பினால் 6 கிலோ தூள், அதாவது 24 பொதி, சும்மா போகிறது. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அது நட்டமென்று எழுதப்படுவதில்லை.

இதற்கு மருந்து 1924 இல் அமெரிக்கரான வோல்டர் ஷூவார்ட் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம். அரை மணிக்கு ஒரு தடவை ஐந்து பொதிகளின் நிறையைப் பார்த்து, சராசரியைத் தாளில் புள்ளியாக இட்டு, சேர்ந்த அளவீடுகளிலிருந்தே மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கணக்கிட வேண்டும். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றி ஆடிக்கொண்டிருக்கும்வரை திருகைத் தொடாதிருக்க வேண்டும். ஒன்று வெளியே போனால் காரணத்தைத் தேட வேண்டும். கொப்பியும் பென்சிலும் போதும், கணினி தேவையில்லை.

பிழைக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் வெட்டுவது பிழையை மறைக்கவே அவருக்குக் கற்றுக்கொடுக்கும். கலிபோர்னியாவின் ஃபிரீமொண்ட் நகரில் ஜெனரல் மோட்டர்ஸ் 1982 இல் மூடிய கார்த் தொழிற்சாலை, டொயோட்டாவுடன் கூட்டாக 1984 இல் மீண்டும் இயங்கியபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆட்கள் மாறவில்லை, முறை மாறியது, கார்களின் தரமும் மாறியது. இதெல்லாம் யப்பானியருக்குத்தான் சரிவரும் என்பவர்கள், சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998 இல், தரத்துக்காக யப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசைப் பெற்றதையும் எண்ணிப் பார்க்கலாம்.

தர முகாமைத்துவத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழையும், வேலையிடத்தை ஒழுங்காக வைக்கச் சொல்லும் 5எஸ் பலகையைச் சுவருக்கும் முதலில் வாங்கிவிட்டுப் பழைய பழக்கத்திலேயே வேலை செய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கணக்காய்வாளர் வருவதற்கு முதல் நாள் இரவு நிரப்பப்படும் பதிவேட்டை எல்லோரும் கண்டிருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் திருத்த முற்படுவதும் கூடாது. திரும்பி வந்த பொதிகளைக் காரணத்தின்படி பிரித்து எண்ணி, கூடுதலாக நிற்கும் ஒன்றை மட்டும் முதலில் எடுக்க வேண்டும். பொதி நிரப்புவதைப் பார்த்ததாக நான் மேலே சொன்ன ஆலையில் அப்படி எண்ணியபோது முதலிடத்தில் நின்றது தூளின் நிறமோ நிறையோ அல்ல, வாய் பிரிந்த உறைகள். உறையில் அச்சிட்டிருந்த நேரத்தைப் பார்த்தால் அவற்றில் அநேகமானவை மாலை ஆறு மணிக்குப் பின்னர் ஒட்டப்பட்டவை. ஊரெல்லாம் விளக்குப் போடும் அந்த நேரத்தில் மின்னழுத்தம் இறங்கி, ஒட்டும் தகடு போதிய சூடு ஏறாமல் இருந்திருக்கிறது. ஒட்டும் வேலையைக் காலைக்கு மாற்றினார்கள்.