பழைய பத்திரம் தேடும்போது எங்கே தவறுகிறோம்?

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் வரலை. தாத்தா பேர்ல பத்திரமே இல்லை போல." இப்படிச் சொல்லிக் கைவிட்ட பலரைப் பார்த்திருக்கிறேன். வில்லங்கம் (இ.சி.) என்பது ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று. ஒவ்வொரு முறையும் மனசு கேட்காது. பதிவான பத்திரமாக இருந்தால், அதன் நகல் பெரும்பாலும் அதைப் பதிந்த சார்பதிவாளர் அலுவலகத்தின் ஏதோ ஒரு வால்யூமில் (பத்திர நகல்கள் உள்ள தொகுதியில்) இருக்கும். அது அன்றைய சர்வே எண்ணில், அன்றைய ஊர்ப் பெயரில், அன்று கூப்பிட்ட பெயரில் பதிவாகியிருக்கும். நாம் இன்றைய விவரத்தைக் கொடுத்துவிட்டு "இல்லை" என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

எங்கள் பாட்டி வழி நிலத்துக்கு 1958இல் ஒரு கிரயம் ஆகியிருந்தது. முதல் தடவை மனுப் போட்டபோது நில் இ.சி., அதாவது 'பதிவு எதுவும் இல்லை' என்கிற சான்று, வந்தது. மனுவில் நான் எழுதியது இன்றைய பட்டாவில் இருந்த உட்பிரிவு எண். 1979இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) பணியில் எத்தனையோ உட்பிரிவுகள் மாறின. மறு நில அளவை நடந்த ஊர்களில் சர்வே எண்ணே மாறியிருக்கும். நகரம் என்றால் டவுன் சர்வே எண், வார்டு, பிளாக் என்று கணக்கே வேறு. தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டு (கிராமத்தின் சர்வே எண் வாரியான நிலப் பதிவேடு) நகல் வாங்கினால் பழைய எண்ணுக்கு ஒரு பத்தி இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து மறுபடி மனுப் போட்டதும் கிரயம் வந்துவிட்டது. நில் இ.சி. என்றால், கொடுத்த எண்ணில், கேட்ட காலத்தில், பதிவு எதுவும் கண்ணில் படவில்லை என்பதுதான் அர்த்தம்.

இணையத்தில் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975இலிருந்துதான் வில்லங்க விவரம் கிடைக்கிறது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அட்டவணைப் புத்தகங்களைக் கையால் புரட்டித் தேட வைக்க வேண்டும். எந்த அலுவலகம் என்பதிலும் கவனம் வேண்டும். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கும். பழைய வால்யூம்கள் முந்தைய அலுவலகத்திலேயே தங்கியிருக்கலாம். பேருந்தில் இறங்கும் ஊர் ஒன்றாக இருக்கும், வருவாய் கிராமம் வேறாக இருக்கும். மனுவில் எழுத வேண்டியது வருவாய் கிராமத்தின் பெயரை.

வீட்டில் ஒரு பழைய ஜெராக்ஸாவது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முன்பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்பார்கள்! பத்திரத்தைக் கண்டுபிடிக்க உதவும் பதிவு விவரம் முழுக்கப் பின்பக்கத்தில்தான். "1 புத்தகம் 412 வால்யூம் 33 முதல் 36 பக்கங்களில் 1958ம் வருஷத்திய 1875 நெம்பராகப் பதிவு செய்யப்பட்டது" என்கிற மாதிரி ஒரு வரி, கீழே கையெழுத்து, அலுவலக முத்திரை. இந்த வரி இருந்தால் நேராக நகல் மனுப் போடலாம். வெறும் பத்திர எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போகாதீர்கள். ஒவ்வொரு அலுவலகத்திலும் வருடா வருடம் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். வருடமும் அலுவலகமும் தெரியாமல் 1875 என்று சொன்னால் யாராலும் தேட முடியாது.

பெயரை வைத்துத் தேடும்போது இன்றைய ஆதார் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். பத்திரத்தில் "ராக்காயி என்கிற ராக்கம்மாள்" என்று இருக்கும். அப்பா பெயருக்குப் பின்னால் இன்று நாம் விட்டுவிட்ட பட்டம் ஒட்டியிருக்கும். இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த வருடத்தில் தாத்தாவுக்கு என்ன வயது? மைனராக இருந்திருந்தால் கார்டியனான தாயாரோ தாய்மாமனோ கையெழுத்துப் போட்டிருப்பார், அட்டவணையில் அவர் பெயரிலும் தேடச் சொல்ல வேண்டும்.

நகல் கைக்கு வந்தபிறகு வருகிற தவறுதான் என்னை அதிகம் பயமுறுத்துவது. எல்லையைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். "கருப்பன் காட்டுக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு, இதன் மத்தியில்" என்று எழுதியிருந்தால், நம் நிலம் கருப்பன் காட்டுக்கு மேற்கே இருக்கிறது. அப்படியென்றால் கருப்பன் நமக்குக் கிழக்கே. வண்டிப்பாதை தெற்கே. இதை "மேற்கே கருப்பன்" என்று படித்துவிட்டு, இது நம் நிலமே இல்லை என்று சரியான பத்திரத்தை ஒதுக்கி வைத்தவர்கள் உண்டு. காகிதத்தில் ஒரு சதுரம் போட்டு நான்கு பக்கமும் எழுதிப் பாருங்கள், குழப்பமே வராது. மிகப் பழையதில் ௵, ௴, ௳ என்று வருஷம், மாதம், தேதிக் குறிகள் வரும். ௸ என்றால் மேற்படி. தஞ்சைப் பக்கம் வேலி, மா, குழி என்று அளவு வரும். ஒரு வேலி 20 மா, ஒரு மா 100 குழி. கன்னியாகுமரிப் பக்கம் 1956க்கு முன்பு திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, ஆகவே மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் வரும். அதோடு 825 கூட்டினால் கிட்டத்தட்ட நம் வருடம்.

வில்லங்கத்தில் எல்லாமே வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. வில்லங்கம் பார்ப்பது முக்கியமாக அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை. உயில் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான். அவர் காலமான பிறகு இறப்புச் சான்றோடு மனுப் போட்டால் கிடைக்கும். முன்பெல்லாம் பவர் பத்திரங்கள் நான்காம் புத்தகத்தில் போயின. வாய்மொழிப் பாகப்பிரிவினை எங்குமே இருக்காது. கோர்ட்டில் பாகம் ஆகியிருந்தால் அந்தக் கோர்ட் ஆவண அறையில்தான் தேட வேண்டும்.

"30 வருட வில்லங்கம் போதும்" என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்னால் ஒரு செட்டில்மெண்டில் (குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில்) "உன் ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொண்டு, பின்னிட்டு உன் பிள்ளைகள் அடைய வேண்டியது" என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி 30 வருட வில்லங்கத்தில் தென்படாது. ஆனால் சொத்தை விற்கும் உரிமை யாருக்கு என்பது அதில்தான் இருக்கிறது.

ஆகவே நகலை வாங்கியதும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பாமல், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படியுங்கள். "இச்சொத்து எனக்கு 1941ம் வருஷம் கிரயம் பெற்று பாத்தியப்பட்டு" என்று பழைய பத்திரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த வருடத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.