மழை பொய்த்தாலும் கொட்டினாலும் குழந்தையின் கிண்ணம் கெட்டியாக இருக்க

வறட்சி வருடத்தில் தருமபுரிப் பக்கம் முதலில் நீர்த்துப்போவது கூழ்தான். பெரியவர்கள் இன்னொரு சொம்பு குடித்துச் சமாளித்துவிடுவார்கள். எட்டுக் கிலோ குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது ஏறக்குறைய 240 மில்லி. 200 மில்லி நீர்க்கூழில் 10 கிராம் ராகி மாவு இருந்தால் 35 கலோரிகூடத் தேறாது. தாய்ப்பாலுக்கு மேல் 6–8 மாதக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும், 9–11 மாதத்துக்கு 300, ஒரு வயது தாண்டினால் 550. வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் குழந்தை இளைக்கிறது. அப்பா, அம்மா பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ செங்கல் சூளைக்கோ போய், பாட்டியிடம் விட்ட குழந்தைகளிடம் இது அதிகம்.

இதற்கு மாற்றான கெட்டிக் கஞ்சி மாவுக்கு ராகி 500 கிராம், பாசிப்பயறு 250, நிலக்கடலை 250. மூன்றையும் தனித்தனியாக வறுக்கவும். கடலையைத் தோல் நீக்கி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் தூக்கிப் போடவும். வறுத்தாலும் பூஞ்சை நஞ்சு முழுதாகப் போகாது. மழையில் நனைந்த மூட்டையிலிருந்து எடுத்த கடலையைக் குழந்தைக்குச் சேர்க்கவே வேண்டாம், பொட்டுக்கடலை போதும். கடலை சேர்ந்த மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மட்டும் அரைக்கவும்.

30 கிராம் மாவு (குவித்து 3 மேசைக்கரண்டி), 200 மில்லி தண்ணீர், 10 கிராம் வெல்லம். வெந்து இறக்கியதும் ஒரு தேக்கரண்டி கடலெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். இந்த ஒரு கிண்ணம் ஏறக்குறைய 200 கலோரி. எண்ணெய் ஊற்றினால் பேதியாகும் என்று பாட்டிகள் தடுப்பார்கள். ஒரு தேக்கரண்டிக்கு அப்படி ஆகாது, அதில் மட்டும் 45 கலோரி இருக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஒழுகக் கூடாது, மெதுவாக வழிய வேண்டும்.

ஆனால் இவ்வளவு கெட்டியாக இருந்தால் சின்னக் குழந்தை துப்பும். அதற்காகத் தண்ணீரைக் கூட்டினால் பழைய கதைதான். இதற்குத்தான் முளைகட்டிய ராகி. இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாளைக்கு மேல் வைத்தால் வெள்ளை முளை எட்டிப்பார்க்கும். வெயிலில் காயவைத்து, வறுக்காமல் அரைத்துத் தனி டப்பாவில் வைக்கவும். வறுத்தால் மாவுச்சத்தை உடைக்கும் நொதி செத்துவிடும், பலரும் சறுக்குவது இங்கேதான். வெந்த கெட்டிக் கஞ்சியை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இந்த முளை மாவில் ஒரு தேக்கரண்டி போட்டுக் கிளறினால் சில நிமிடத்தில் கண்ணெதிரே தளர்ந்து ஓடும். சத்து குறையாது. முளையில் கிருமி இருக்கும் என்பதால் மறுபடி ஒரு கொதி விட்டுத்தான் ஊட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தனிச் சிக்கல்: ஆழ்துளைக் கிணற்று நீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு. கொதிக்கவைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊரில் குழந்தையின் கஞ்சிக்கு அதையே ஒதுக்கி, கொதிக்கவைத்துப் பயன்படுத்தவும்.

வெள்ளம் வேறு மாதிரி அடிக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சத்தால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. அந்த மாதிரி நேரத்தில் பசியைவிடப் பேதிதான் முதல் எதிரி. நிவாரணப் பொருளோடு பால்பவுடரும் பாட்டிலும் வந்தால் கைக்குழந்தை வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடாது, அடிக்கடி சப்பக் கொடுத்தால் சுரக்கும். தாய்க்கு ஒரு வேளை கூடுதலாகச் சோறு போடுங்கள். பேதியானால் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை அளந்த ஒரு லிட்டர் நீரில் கரைத்து, இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதும் 50–100 மில்லி. ஆறு மாதத்துக்கு மேல் துத்தநாகம் நாளுக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 2 மாதம் வரை 10 மி.கி.; பேதி நின்றாலும் 14 நாள். சாப்பாட்டை நிறுத்தக் கூடாது.

மாதம் ஒருமுறை, வெளியூர் போன குடும்பம் பொங்கலுக்குத் திரும்பினால் அந்த வாரமே, 6 முதல் 59 மாதக் குழந்தையின் இடது மேல்கைச் சுற்றளவை அளக்கவும். முழங்கையை மடக்கித் தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் குறித்து, பிறகு கையைத் தொங்கவிட்டு டேப்பைச் சுற்றவும். சதை பிதுங்கினால் இறுக்கம், வெளிச்சம் தெரிந்தால் தளர்வு. 12.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் அங்கன்வாடியில் பதிந்து, கிண்ணங்களைக் கூட்டவும். 11.5க்குக் கீழ் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையம்.

டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி நின்றால், கன்னம் உப்பிக் குழந்தை பார்க்கக் 'கொழுகொழு' என்று தெரிந்தாலும் அதுவும் 11.5க்குக் கீழ் போலவே கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்த நிலையில் வீட்டுக் கஞ்சியோ வழக்கமான ஓ.ஆர்.எஸ்.ஸோ கொடுத்துத் தேற்றப் பார்க்கக் கூடாது, இதயம் தாங்காது. சோர்ந்து கிடந்தால், எதையும் வாங்காவிட்டால், உடம்பு சில்லிட்டால் 108-ஐ அழைக்கவும். வண்டி வரும்வரை தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து, தலையை மூடி, விழுங்க முடிகிற குழந்தைக்கு 50 மில்லி கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டவும்.