சிக்னல் குறைந்த இடத்தில் இணையம்: படத்தை நிறுத்துங்கள், லிங்க்ஸ் உலாவியைப் பழகுங்கள்

மட்டக்களப்பின் வாகரையிலோ படுவான்கரையிலோ ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் மடிக்கணினியை இணைத்துப் படிக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரீலோட் போட்ட டேட்டா சட்டென்று தீர்ந்துவிடுகிறதா? தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த டயல்-அப் காலத்து வழிகள் இப்போதும் கைகொடுக்கும்.

அந்த இணைப்பைத் தந்த 56கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலும் விநாடிக்கு 7 கிலோபைட்தான். 200 கிலோபைட் படம் ஒன்று இறங்கவே அரை நிமிடம் போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்து உலாவியான நெட்ஸ்கேப்பில், படங்கள் தானாக இறங்குவதை நிறுத்த மெனுவிலேயே வழி வைத்திருந்தார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கணினியில் குரோமின் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், இமேஜஸ் என்று போங்கள். படங்களைக் காட்ட வேண்டாம் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். பலருக்கு இதுவே போதும்.

படி 2: இன்னும் மிச்சம் பிடிக்க வேண்டுமா? அப்படியென்றால் லிங்க்ஸ். 1992இல் அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த உலாவி இது, வெறும் எழுத்தை மட்டும் காட்டும். லினக்ஸ் மின்ட் இயங்குதளம் வைத்திருப்பவர்கள் சொஃப்ட்வெயார் மேனேஜரில் தேடி நிறுவிக்கொள்ளலாம்.

படி 3: கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலைத் திறந்து எல், வை, என், எக்ஸ் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டி என்டரை அழுத்துங்கள். பிறகு ஜி விசை. கீழே கேட்கும் இடத்தில் முகவரியை எழுதி மறுபடி என்டர். ஆங்கில விக்கிப்பீடியாவில் பழகுவது நல்லது, கட்டுரை முழுவதும் ஒழுங்காக வரும்.

மேல், கீழ் அம்புக்குறிகள் ஓர் இணைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவும். வலது அம்பு அதைத் திறக்கும், இடது அம்பு பின்னே கொண்டுபோகும். ஸ்பேஸ்பார் அடுத்த திரை. குக்கி (தளம் உங்கள் கணினியில் வைக்கும் சிறு குறிப்பு) வேண்டுமா என்று கேட்டால் வி அழுத்துங்கள், அந்தத் தளம் திரும்பக் கேட்காது. வெளியேற கியூ.

பக்கங்களை இயங்கவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் லிங்க்ஸில் ஓடாது. ஆகவே ஃபேஸ்புக், வங்கித் தளங்களுக்கெல்லாம் குரோம்தான். தமிழ்ப் பக்கங்களுக்கும் அப்படியே: பல டெர்மினல்களில் கொம்பும் விசிறியும் இடம் மாறிச் சிதறும். தமிழ் வாசிக்க முதல் படியில் சொன்னபடி படத்தை நிறுத்திய குரோமையே வைத்துக்கொள்ளுங்கள்.